உடற்பயிற்சிக்கும் வெளிவேலைக்கும் சின்ன மியூசிக் பிளேயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன்தான் கையில் இருக்கிறதே, தனியாக ஒரு பிளேயர் எதற்கு?

எல்லோருக்கும் தேவையில்லை. நடைப்பயிற்சிக்குப் போகும்போது எப்படியும் போனை எடுத்துப்போவீர்கள், அழைப்பு வந்தால் பேச வேண்டும், போன தூரத்தை அதிலேயே அளக்கிறீர்கள் என்றால் போனே போதும். நல்ல இயர்போன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

தனி பிளேயருக்கு வேலை இருக்கும் இடங்கள் வேறு. இன்றைய போன்கள் பெரும்பாலும் 170 முதல் 220 கிராம் வரை இருக்கின்றன. ஓடும்போது அந்த எடை பையில் கிடந்து ஆடும், கையில் கட்டினால் பட்டை நழுவும். கிளிப் வகைப் பிளேயர் 30 கிராமுக்கு உள்ளேயே அடங்கிவிடும். மண் வெட்டும்போதும், புல் அறுக்கும்போதும், சுவருக்கு வண்ணம் பூசும்போதும் விலை உயர்ந்த போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குனிந்து நிமிர்வது எப்போதுமே ஆபத்து. இன்னொரு காரணமும் உண்டு. பாட்டைத் தவிர வேறெதுவும் செய்யத் தெரியாத கருவி, பயிற்சி நடுவே உங்களைத் தொந்தரவு செய்யாது.

என்னென்ன வகைகள் உண்டு?

கிளிப் வகை: சட்டையில் மாட்டிக்கொள்வது. சின்னத் திரை உள்ளதும் உண்டு, திரையே இல்லாததும் உண்டு. பெரும்பாலான தேவைகளுக்கு இதுதான் சரி.

ஹெட்போனுக்குள்ளேயே நினைவகம் வைத்த வகை: சோனியின் என்டபிள்யூ-டபிள்யூஎஸ்413 போன்றவை. கம்பியும் இல்லை, தனிப் பெட்டியும் இல்லை. எலும்புவழி ஒலிக் கருவிகளிலும் (காதை அடைக்காமல், கன்ன எலும்பின் அதிர்வு வழியாக ஒலியைக் கடத்துபவை) இப்படி நினைவகம் உள்ளவை வருகின்றன.

பாட்டு சேமிக்கும் விளையாட்டுக் கைக்கடிகாரம்: ஏற்கெனவே வைத்திருந்தால் முதலில் அதையே பயன்படுத்திப் பாருங்கள். ஜிபிஎஸ்ஸும் புளூடூத் பாட்டும் சேர்ந்து ஓடினால் பேட்டரி மளமளவென்று இறங்கும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

தொடுதிரை வைத்த உயர்தர ஒலிப் பிளேயர்கள்: வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்கானவை. கனமானவை, வியர்வைக்கும் தூசிக்கும் ஏற்றவை அல்ல. இந்தப் பக்கத்தில் அவற்றை விட்டுவிடலாம்.

வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பட்டன்களை. ஒலித்தரம், நினைவகம், திரையின் நிறம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கண் பாதையில் இருக்கும், கை தடவித்தான் பட்டனைத் தேடும். ஆகவே இயக்கு/நிறுத்து, அடுத்த பாட்டு, ஒலி கூட்டு, ஒலி குறை ஆகிய நான்கும் தனித்தனிப் பட்டன்களாகவும், விரலால் வேறுபடுத்தி அறியும்படியும் இருக்க வேண்டும். வட்டத்தின் நான்கு பக்கம் நான்கு பட்டனும், நடுவில் ஒன்றும் உள்ள அமைப்பு இதற்கு மிக வசதி. அது மேடாகவோ குழிவாகவோ இருந்தால் இன்னும் நல்லது. வழவழவென்று ஒரே மட்டமாக இருக்கும் பட்டன்கள் படத்தில் அழகாகத் தெரியும், பயன்பாட்டில் எரிச்சலூட்டும்.

தொடுதிரை இரண்டு இடத்தில் கைவிடும். வியர்வைத் துளி விழுந்தால் அதையே விரல் என்று எண்ணி பாட்டை மாற்றும். கையுறை போட்டிருந்தால் விரலையே உணராது. தோட்ட வேலைக் கையுறையோடு பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் தொடுதிரையைத் தொடவே வேண்டாம்.

ஒலியைக் கூட்டக் குறைக்க மெனுவுக்குள் போக வேண்டியிருக்கும் பிளேயர்களும் விற்கின்றன. 'அடுத்த பாட்டு' பட்டனையே நீண்ட நேரம் அழுத்தினால்தான் ஒலி கூடும் என்ற அமைப்பும் உண்டு. வண்டி வரும்போது சட்டென்று ஒலியைக் குறைக்க முடியாத கருவி வெளியில் எடுத்துப்போகத் தகுந்ததல்ல.

பூட்டு வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள். நகர்த்தும் பூட்டுப் பட்டன் இருந்தால் மிக நல்லது. சில பிளேயர்களில் ஏதாவது ஒரு பட்டனைச் சில நொடி அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். பூட்டே இல்லாவிட்டால் தரையில் படுத்து வயிற்றுப் பயிற்சி செய்யும்போது பிளேயர் தானாகவே பாட்டு மாற்றிக்கொண்டிருக்கும்.

கிளிப்பில் என்ன பார்க்க வேண்டியிருக்கிறது?

நிறைய. கிளிப் உடைந்தால் பிளேயரையே தூக்கிப் போட வேண்டியதுதான், தனியாக மாற்றக் கிடைக்காது. உலோக வில் (ஸ்பிரிங்) வைத்த கிளிப் நீண்ட நாள் தாங்கும். வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக்கையே வில்லாக நம்பியிருக்கும் கிளிப் கீல் இருக்கும் இடத்தில் விரிசல் விடும். தடிமனான இடுப்புப் பட்டையில் மாட்டி மாட்டி எடுத்தால் இன்னும் சீக்கிரம். மெல்லிய ஓட்டச் சட்டையிலும் நழுவாமல் நிற்க, கிளிப்பின் உள்பக்கம் பல் போன்ற வரிகள் இருக்க வேண்டும்.

மாட்டும் இடம்: சட்டைக் கழுத்துப் பட்டி அல்லது தோள் பக்கம். இடுப்பில் மாட்டினால் குனியும்போது வயிறு பட்டனை அழுத்தும், கம்பியும் நீளமாகத் தொங்கும்.

ஐபிஎக்ஸ்4, ஐபிஎக்ஸ்7, ஐபி68 என்று போட்டிருக்கிறார்களே, எது வேண்டும்?

ஐபி என்ற எழுத்துக்குப் பின் வரும் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் நீருக்கு. எக்ஸ் என்று இருந்தால் அந்தப் பக்கத்துக்குத் தரம் குறிப்பிடவில்லை என்று பொருள். தூசியே புகாது என்றோ, கட்டாயம் புகும் என்றோ அதை வைத்துச் சொல்ல முடியாது.

நீர்ப் பக்கம் 4 என்றால் எல்லாத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். வியர்வைக்கும் தூறலுக்கும் இது போதும். 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் நீர். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருக்கலாம். 8 என்றால் அதற்கும் மேல். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர் சொல்ல வேண்டும். சொல்லாமல் வெறும் 8 மட்டும் போட்டிருந்தால் கையேட்டைத் தேடிப் படியுங்கள்.

பலரும் தவறவிடும் ஒன்று: 7 என்பதால் 5-உம் அதற்குள் அடக்கம் என்று கொள்ளக்கூடாது. மூழ்கும் சோதனையும் பீய்ச்சும் சோதனையும் வேறு வேறு. அசையாத நீரில் தாங்கும் கருவி, குழாயின் வேகத்தில் தோற்கலாம். இரண்டிலும் தேறிய கருவி என்றால் ஐபிஎக்ஸ்5/ஐபிஎக்ஸ்7 என்று இரண்டையும் எழுதுவார்கள்.

அடுத்தது, இந்தச் சோதனைகள் நடப்பது சுத்தமான நன்னீரில், புதுக் கருவியில். வியர்வையில் உப்பு இருக்கிறது. அது உலோகத் தொடுமுனைகளை அரிக்கும். சோப்பு நீர் ரப்பர் அடைப்பின் இடுக்கில் எளிதாக நுழையும். ரப்பரும் வருடப்போக்கில் இறுகிப்போகும். எனவே ஐபிஎக்ஸ்7 பிளேயரைக் குழாயடியில் தாராளமாகக் கழுவலாம் என்று நினைக்காதீர்கள்.

எந்தத் தரமும் குறிப்பிடாத பிளேயர் என்றால்? மழை இல்லாத நாளில், வியர்வை நேராகப் படாத இடத்தில் மாட்டிப் பயன்படுத்தலாம். விளம்பரத்தில் 'வியர்வை தாங்கும்' என்று மட்டும் எழுதி எண் போடவில்லையென்றால், தரம் இல்லாத கருவி என்றே கொள்ளுங்கள்.

நீச்சலுக்கு எது?

பாட்டு அந்தக் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. நீர் அதை உறிஞ்சிவிடுவதால் சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே இணைப்பு அறுந்துவிடும். போனைக் கரையில் வைத்துவிட்டு நீரில் பாட்டுக் கேட்க முடியாது.

மேலே சொன்ன சோனி கருவி உப்பு நீரிலும் 2 மீட்டர் ஆழம் வரை தாங்கும். ஷாக்ஸ் நிறுவனத்தின் ஓபன்ஸ்விம் ஐபி68 தரம், 4 ஜிபி நினைவகம், 2 மீட்டரில் 2 மணி நேரம் வரை என்று அறிவிக்கப்பட்டது. அது எலும்புவழிக் கருவி. காது அடைப்பான் போட்டுக்கொண்டால் நீருக்குள் ஒலி இன்னும் தெளிவாகக் கேட்கும். நீந்தி முடித்ததும் குளோரினும் உப்பும் போக நன்னீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே சார்ஜில் போட வேண்டும்.

தூசி நிறைந்த இடத்தில் வேலை. நீர்த் தரம் மட்டும் போதுமா?

போதாது. மரத்தூள், சிமென்ட் தூள், உலர்ந்த மண் மூன்றும் இயர்போன் துளையிலும் பட்டன் இடுக்கிலும் அடையும். முதல் எண் 5 அல்லது 6 உள்ளதைத் தேடுங்கள். 6 என்றால் தூசி புகவே புகாது. அப்படிக் கிடைக்காவிட்டால் சிறிய ஜிப் உறைக்குள் பிளேயரைப் போட்டு, கம்பி வெளியே வரும் இடத்தை ஒட்டுப்பட்டையால் மூடலாம். பட்டன் மேடாக இருந்தால் உறைக்கு மேலாகவே அழுத்தலாம். தொடுதிரைக்கு இந்த வசதியும் கிடையாது.

கம்பி இயர்போனா, புளூடூத்தா?

ஓட்டத்துக்குப் புளூடூத் வசதி. கைகள் அதிகம் அசையும் வேலையில் கம்பி கிளையிலோ கைப்பிடியிலோ சிக்கினால் ஆபத்து, அங்கும் புளூடூத். மற்றபடி கம்பிக்கே என் ஓட்டு: தனியாக சார்ஜ் செய்ய வேண்டாம், பிளேயரின் பேட்டரி அதிக நேரம் வரும், ஒரு பக்கம் கழன்று புல்லுக்குள் விழுந்து தொலையாது.

புளூடூத் எடுத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் சிக்கலில்லாமல் ஓடும் இணைப்பு திறந்த வெளியில் விட்டு விட்டு வரும். அறைக்குள் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலை காதுக்கு வந்து சேர்கிறது. வெளியில் திருப்பியனுப்ப எதுவும் இல்லை. நடுவில் உங்கள் உடல் வேறு நிற்கிறது. அதில் பெரும்பகுதி நீர்தான். ஆகவே பின் பையில் பிளேயரை வைக்காதீர்கள். சில இயர்பட் ஜோடிகளில் ஒரு பக்கம் மட்டுமே பிளேயரிடமிருந்து வாங்கி மற்றப் பக்கத்துக்குத் தரும். அந்தப் பக்கத் தோளிலேயே பிளேயரை மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வாங்குமுன் இன்னொன்று: திரை இல்லாத பிளேயரில் புளூடூத் இணைப்பது தலைவலி. பக்கத்தில் எத்தனை கருவி இருந்தாலும் எதோடு இணைந்தது என்று தெரியாது.

கம்பி இயர்போனில் ஓடும்போது 'டப் டப்' என்று சத்தம் வருகிறதே?

கம்பி சட்டையில் உரசும் ஒலி அப்படியே காதுக்குள் ஏறுகிறது. காதை இறுக்கமாக அடைக்கும் ரப்பர் முனை இயர்போன்களில் இது அதிகம். கம்பியைக் காதுக்கு மேலாகச் சுற்றிப் பின்னால் விட்டால் பாதிக்கு மேல் குறையும். சட்டைக்குள்ளாக விட்டு, கழுத்தருகே ஒரு சின்னக் கிளிப்பால் பிடித்தால் இன்னும் குறையும்.

கம்பி நீளமும் முக்கியம். வழக்கமான 1.2 மீட்டர் கம்பி, கழுத்துப் பட்டியில் மாட்டும் பிளேயருக்கு இரு மடங்கு அதிகம். 50 முதல் 60 சென்டிமீட்டர் போதும். செருகியில் எல் வடிவம் உள்ளதை எடுங்கள். நேராக நீட்டிக்கொண்டிருக்கும் செருகி இடிபடும்போதெல்லாம் துளையை நெம்பி, உள்ளே இருக்கும் தொடுமுனைகளைத் தளர்த்தும். ஒரு காதில் மட்டும் கேட்கும் பிளேயர்களில் பெரும்பாலும் நோய் இதுதான்.

வியர்வை கம்பி வழியாக இறங்கிச் செருகி துளைக்குள் போகும். பிளேயருக்கு அருகில் கம்பியைக் கொஞ்சம் தாழ்வாகத் தொங்கும் வளைவாக விட்டால் துளி அங்கேயே சொட்டிவிடும்.

சாலையோரம் ஓடுகிறேன். எலும்புவழிக் கருவி பாதுகாப்பானதா?

காது துளை திறந்திருப்பதால் வண்டிச் சத்தம் கேட்கும். அந்த அளவில் நல்லது. ஆனால் சுற்றுச் சத்தம் அதிகமுள்ள சாலையில் பாட்டு சரியாகக் கேட்காமல் ஒலியை ஏற்றிக்கொண்டே போவீர்கள், கடைசியில் வண்டிச் சத்தமும் கேட்காது. தாழ்ந்த சுரங்களும் எலும்புவழிக் கருவியில் மெலிவாகத்தான் இருக்கும். இதற்காக ஒலியைக் கூட்டினால் கன்னத்தில் அதிர்வு மட்டுமே கூடும்.

காது அடைக்கும் இயர்போன்தான் இருக்கிறது என்றால் வண்டி வரும் பக்கத்துக் காதைத் திறந்து விடுங்கள். பிளேயரில் 'மோனோ' அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் பாட்டின் ஒரு பாதி மட்டுமே கேட்கும். ஓட்டப் போட்டிகளில் சில ஏற்பாட்டாளர்கள் இயர்போனையே அனுமதிப்பதில்லை. பதிவு செய்யும்போதே விதியைப் படித்துவிடுங்கள்.

புல் அறுக்கும் இயந்திரத்தோடு வேலை. பாட்டு கேட்க ஒலியை முழுக்க ஏற்ற வேண்டியிருக்கிறது. தவறா?

தவறுதான், அதுவும் திரும்பப் பெற முடியாத இழப்பைத் தருவது.

அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் அளவு 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 டெசிபலில் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி, 100 டெசிபலில் 15 நிமிடம். பெட்ரோலில் ஓடும் புல் அறுக்கும் இயந்திரம் 90 டெசிபலை ஒட்டி இருக்கும். மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம் 100-ஐத் தாண்டும். அந்த இரைச்சலுக்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் காதுக்குள் அதைவிட அதிகமாக ஒலி போக வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் காதைத் தாக்குகின்றன.

சரியான வழி, முதலில் வெளி இரைச்சலைத் தடுப்பது. காதுப் பாதுகாப்புக் கவசத்திலேயே ஒலிபெருக்கி வைத்து, உள்ளே ஒலி ஓரளவுக்கு மேல் ஏறாதபடி வரம்பு கட்டியவை கிடைக்கின்றன. அதில் பிளேயரை இணையுங்கள். பாதுகாப்புத் தரம் பெற்ற இயர்பிளக் வடிவ இயர்போன்களும் உண்டு. சாதாரண ரப்பர் முனை இயர்போன் ஓரளவு இரைச்சலைத் தடுத்தாலும் அதைப் பாதுகாப்புக் கருவியாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. கவசத்துக்கு அடியில் கம்பி இயர்போனைச் செருகினால் கம்பி போகும் இடத்தில் மெத்தை காதைச் சுற்றி ஒட்டாது, அந்தச் சின்ன இடைவெளி வழியாகவே இரைச்சல் நுழையும்.

இரைச்சல் இல்லாத இடத்தில் கேட்பவர்களுக்கு உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். குழந்தைகளுக்கு 75. பிளேயரில் ஒலி வரம்பு அமைப்பு இருந்தால், அமைதியான அறையில் வைத்து உங்களுக்குப் போதுமான அளவில் பூட்டிவிட்டு வெளியில் கிளம்புங்கள். காது வெளிச் சத்தத்தோடு போட்டி போடும் என்பதால் வெளியில் வைத்து அளவு குறிக்காதீர்கள்.

சங்கிலி ரம்பம் பிடிக்கும்போதும், வண்டிகள் பின்னோக்கி வரும் இடத்திலும், கூட வேலை செய்பவர் கத்தினால் கேட்க வேண்டிய இடத்திலும் பாட்டே வேண்டாம்.

எத்தனை ஜிபி வாங்கலாம்?

கணக்கு எளிது. கேபிபிஎஸ் என்பது ஒரு நொடிப் பாட்டுக்கு எத்தனை கிலோபிட் என்ற அளவு; எண் கூடினால் தரமும் கோப்பின் அளவும் கூடும். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி. 320 கேபிபிஎஸ் என்றால் 2.4 எம்பி. நான்கு நிமிடப் பாட்டு முறையே 4 எம்பி, 10 எம்பி என்று வைத்துக்கொள்ளலாம். 8 ஜிபி பிளேயரில் மென்பொருள் போக 7 ஜிபி கையில் நிற்கும்: 320-இல் சுமார் 700 பாட்டு, 128-இல் சுமார் 1,750 பாட்டு. குரல் மட்டும் உள்ள பதிவுகளுக்கு 64 கேபிபிஎஸ் போதும். ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பிதான் ஆகும்.

தரம் குறையாத ஃபிளாக் கோப்பு ஒரு பாட்டுக்கு 25 முதல் 30 எம்பி எடுக்கும். மூச்சு வாங்க ஓடும்போது அதற்கும் 192 கேபிபிஎஸ் எம்பி3-க்கும் வேறுபாடு தெரியாது. பெரிய கோப்பைப் படிக்க பேட்டரிதான் கூடுதலாகச் செலவாகும். உடற்பயிற்சிக்கு மட்டும் என்றால் 4 ஜிபியே தாராளம். மெமரி கார்டு துளை இருப்பது, அதிக ஜிபி இருப்பதைவிடப் பயனுள்ளது.

64 ஜிபி கார்டு போட்டால் பிளேயர் கண்டுகொள்ளவில்லை. ஏன்?

கார்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகள் பல. 32 ஜிபி வரையிலான கார்டுகள் ஃபேட்32 என்ற முறையில் வருகின்றன. அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட். சின்ன பிளேயர்கள் பலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் படிக்கத் தெரியாது. கார்டைக் கணினியில் ஃபேட்32-க்கு மாற்றி ஃபார்மட் செய்தால் பல பிளேயர்கள் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தேர்வைப் பெரும்பாலும் காட்டாது. அதற்கென்று இலவச மென்பொருள் தேவைப்படும். ஃபார்மட் செய்தால் கார்டில் உள்ளது அனைத்தும் அழியும்.

கார்டே போலியாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. 64 என்று அச்சிட்டு உள்ளே 8 மட்டுமே இருக்கும். 8 நிரம்பிய பிறகு ஏற்றும் பாட்டுகள் பெயரளவில் தெரியும், ஓடாது. புதுக் கார்டு வாங்கியதும் எஃப்3 போன்ற கொள்ளளவு சோதிக்கும் மென்பொருளால் ஒருமுறை முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள்.

பாட்டுகள் வரிசை மாறி ஓடுகின்றன. தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. சில பாட்டு இரண்டு முறை வருகிறது.

மூன்றும் மூன்று கோளாறு.

வரிசை: சில பிளேயர்கள் பெயரைப் பார்ப்பதில்லை, எந்தக் கோப்பு முதலில் ஏற்றப்பட்டதோ அதையே முதலில் ஓட்டும். கோப்புகளை வேண்டிய வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். பெயரைப் பார்க்கும் பிளேயராக இருந்தால் 1, 10, 11, 2 என்று அடுக்கும். 01, 02 என்றோ, நூறுக்கு மேல் இருந்தால் 001 என்றோ எண் போடுங்கள்.

கட்டம்: பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது, பாட்டின் பெயரை ரோமன் எழுத்தில் மாற்றுவதே வழி. எழுத்துரு இருந்தும் குழப்பமாகத் தெரிந்தால் பாட்டின் தகவல் குறி (பெயர், பாடகர் போன்றவை கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும் பகுதி) ஐடி3 பதிப்பு 2.4-இல் இருக்கலாம், பழைய பிளேயர்களுக்கு 2.3 தான் புரியும். எம்பி3டேக் போன்ற மென்பொருளில் 2.3, யூடிஎஃப்-16 என்று வைத்து எல்லாக் கோப்பையும் மறுபடி சேமியுங்கள்.

இரட்டிப்பு: மேக் கணினியிலிருந்து ஏற்றினால் ஒவ்வொரு பாட்டுக்கும் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த ஒரு மறைகோப்பு கூடவே போகும். பிளேயர் அதையும் பாட்டு என்று எண்ணி, ஓட்ட முடியாமல் தடுமாறும். அந்தக் கோப்புகளை அழித்துவிட்டால் சரி.

ஸ்ட்ரீமிங் ஆப்பில் பதிவிறக்கிய பாட்டை ஏற்றலாமா?

முடியாது. அவை பூட்டப்பட்ட கோப்புகள், அந்த ஆப்புக்குள் மட்டுமே திறக்கும். காசு கொடுத்து வாங்கிப் பதிவிறக்கிய எம்பி3, உங்கள் குறுந்தகட்டிலிருந்து மாற்றியது போன்றவைதான் சாதாரணப் பிளேயரில் ஓடும். உங்கள் பாட்டெல்லாம் ஸ்ட்ரீமிங்கில்தான் என்றால், அந்தச் சேவையை நேரடியாக ஆதரிக்கும் கைக்கடிகாரத்தையோ கருவியையோ பாருங்கள்.

பேட்டரி 20 மணி நேரம் என்கிறார்கள். நம்பலாமா?

அது திரை அணைந்து, நடுத்தர ஒலியில், கம்பி இயர்போனில், 128 கேபிபிஎஸ் எம்பி3 ஓடும் கணக்கு. புளூடூத்தில் அதில் பாதி கிடைத்தால் திருப்தி அடையலாம். ஒரு வேலை நாளுக்கு 8 மணி நேரம் தேவை என்றால், புளூடூத் கணக்கில் 12 மணி நேரம் சொல்லப்பட்ட பிளேயரை எடுங்கள். சில நூறு சார்ஜுகளுக்குப் பிறகு லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு குறைந்தே தீரும். அந்த இடைவெளி அதற்குத்தான்.

வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பிளேயரை விடாதீர்கள். 45 டிகிரி செல்சியசுக்கு மேலும் 0-க்குக் கீழும் சார்ஜ் செய்யக் கூடாது. பல மாதம் பயன்படுத்தப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைத்துவிடுங்கள்.

பவர் பேங்கில் போட்டால் சில நிமிடத்தில் அணைந்துவிடுகிறது என்றால் பிளேயரில் குறையில்லை. அது இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், ஒன்றும் செருகவில்லை என்று எண்ணிப் பவர் பேங்க் தூங்கிவிடுகிறது. குறைந்த மின்னோட்ட முறை உள்ள பவர் பேங்கில் இந்தச் சிக்கல் வராது. நாள் கணக்கில் மின்சாரமே இல்லாத இடத்தில் வேலை என்றால் ஏஏஏ பேட்டரி போடும் பழைய வகைப் பிளேயர் இன்றைக்கும் மதிப்புள்ளதுதான்.

ஒலிப்புத்தகம், சொற்பொழிவு கேட்க எது?

விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகக் கேட்ட ஒரு கோப்பை மட்டும் நினைவில் வைக்கும் பிளேயரில், நடுவே ஒரு பாட்டுக் கேட்டாலே புத்தகத்தின் இடம் தொலைந்துவிடும். அந்த வசதி இல்லாவிட்டால் பெரிய பதிவை 10 நிமிடத் துண்டுகளாக வெட்டி ஏற்றுவது ஒரு மாற்று.

எஃப்எம் வானொலி சரியாக எடுக்கவில்லையே?

இயர்போன் கம்பிதான் ஆண்டெனா. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர், அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர்; நல்ல வரவேற்புக்கு அந்த அளவு கம்பி வேண்டும். மேலே சொன்ன குட்டைக் கம்பி பாட்டுக்கு வசதி, வானொலிக்குச் சற்றே குறை. புளூடூத் இயர்போனில் வானொலி கேட்க நினைத்தாலும் பல பிளேயர்களில் ஒரு கம்பியைச் செருகியே ஆக வேண்டும்.

பிளேயர் உறைந்துபோனால்?

மின் பட்டனை 10 முதல் 20 நொடி விடாமல் அழுத்துங்கள். பெரும்பாலானவை மறுபடி எழுந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், குறிப்பாகப் பாட்டுப் பட்டியலைப் புதுப்பிக்கும்போது நின்றால், ஏதோ ஒரு கோப்பு கெட்டிருக்கிறது. கணினியில் இணைத்து, கடைசியாக ஏற்றியவற்றை எடுத்துவிட்டுப் பாருங்கள். பாட்டோடு ஒட்டியிருக்கும் பெரிய அட்டைப்படமும் சின்ன பிளேயரைத் திணறடிக்கும். படத்தை 300 பிக்சல் அகலத்துக்குக் குறைக்கலாம், அல்லது நீக்கிவிடலாம். கணினியிலிருந்து 'பாதுகாப்பாக வெளியேற்று' கொடுக்காமல் பிடுங்குவதுதான் கோப்புகள் கெட முக்கியக் காரணம்.

எப்படிச் சுத்தம் செய்வது?

பயிற்சி முடிந்ததும் ஈரத் துணியால் ஒரு துடைப்பு, பிறகு உலர்ந்த துணியால் ஒன்று. உப்பு காய்ந்து படிவதற்குள் இதைச் செய்ய வேண்டும். செருகி துளையில் கரகரப்பு வந்தால், பிளேயரை அணைத்துவிட்டு, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்ட மெல்லிய பஞ்சுக் குச்சியைச் சுழற்றி எடுங்கள். பஞ்சு சொட்டும் அளவுக்கு நனைந்திருக்கக் கூடாது. ஈரமாக இருக்கும் சார்ஜ் துளையில் கேபிளைச் செருகினால் மின்சாரம் பாய்ந்து தொடுமுனை பச்சை பூத்து அரிக்கும். பலரின் பிளேயர் சாவது மழையில் நனைந்த அன்றல்ல, நனைந்த கையோடு சார்ஜில் போட்ட அன்று.

பழைய ஐபாட் ஷஃபிள் கிடைக்கிறது. வாங்கலாமா?

2005 ஜனவரியில் அறிமுகமாகி 2017 ஜூலையில் நிறுத்தப்பட்ட வரிசை அது. நான்காம் தலைமுறை 12.5 கிராம்தான்; பட்டன் அமைப்பும் கிளிப்பும் இன்றும் பல புதுப் பிளேயர்களுக்குப் பாடம் சொல்லும். குறைகளையும் கேளுங்கள். 2 ஜிபிதான், கார்டு துளை இல்லை, புளூடூத் இல்லை, நீர்த் தரம் இல்லை. இயர்போன் துளை வழியாகவே சார்ஜ் ஏறும் என்பதால் அதற்கான தனிக் கேபிள் இல்லாமல் ஒன்றும் நடக்காது. கோப்பை இழுத்துப் போட்டால் ஓடாது, ஆப்பிளின் மென்பொருள் வழியாகத்தான் ஏற்ற வேண்டும்.

எந்தப் பழைய பிளேயரானாலும் பேட்டரிதான் முதல் கேள்வி. திரை லேசாகத் தூக்கியிருந்தாலோ, ஓட்டின் இணைப்பு விரிந்திருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜில் போடாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புதிதாக வாங்கிய பிளேயரைத் திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

முழுக்க சார்ஜ் ஏற்றி, நீங்கள் பயன்படுத்தப்போகும் இயர்போனோடு, அணையும் வரை ஓடவிட்டு நேரத்தைக் குறியுங்கள். செருகியை ஓடும் பாட்டோடு மெதுவாகச் சுழற்றுங்கள். இரண்டு காதிலும் ஒலி அறுபடக் கூடாது. மாட்டிக்கொண்டு கயிறு தாண்டிப் பாருங்கள், கிளிப் நகர்கிறதா என்று தெரியும். வேலைக் கையுறையைப் போட்டுக்கொண்டு, பிளேயரைப் பார்க்காமல், ஒலியைக் குறைத்துப் பாட்டை நிறுத்துங்கள். இந்தக் கடைசிச் சோதனையில் இரண்டாம் நாளும் தடுமாறினால் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடலாம். நீர்ச் சோதனையை மட்டும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். நீர் புகுந்த கருவியைத் திருப்பி வாங்கப் பல விற்பனையாளர்கள் மறுப்பார்கள்.